உயிரோடிருப்பவருக்குக் கருமாதிப் பத்திரிகை

பெறுநர்:
மாண்புமிகு வாடிக்கையாளர் சேவை மையத்தார், பழைய தயாரிப்புகள் பிரிவு, உலகமெல்லாம் கிளை பரப்பிய ஒரு கன்ட்ரோலர் கம்பெனி.
(பெயர் போட வேண்டாம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். தங்களிடமிருந்து சீக்கிரம் வரக்கூடிய ஒரே கடிதம் வக்கீல் நோட்டீசாம்.)

அனுப்புநர்:
ஜாப் ஒர்க் பட்டறைக்காரன், பெரியநாயக்கன்பாளையம், கோயம்புத்தூர்.

ஐயா,

பேட்டரி லைட் சிவப்பாக எரிகிறது, கனெக்‌ஷன் டிராயிங் வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, தாங்கள் பெரிய மனது வைத்து ஒரு தம்பியை அனுப்பி வைத்தீர்கள். போன வாரம் வந்தார். கசங்காத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நெம்ப மரியாதையான பையன். டிரில்லிங் எஸ்.பி.எம். மெஷினின் பேனல் கதவைத் திறந்து காட்டினோம். உள்ளே தங்கள் பி.எல்.சி. கன்ட்ரோலரைப் பார்த்ததும், "சார், இது இன்னும் ஓடுதுங்களா?" என்றார். மூணு ஷிப்டும் ஓடுது கண்ணு என்றேன். உடனே செல்போனை எடுத்து அதனோடு ஒரு செல்ஃபி. பிறகு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தார். எதுக்குங்க தம்பி என்றால், "எங்க டிரெய்னிங் சென்டர் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வெக்கலாம்னு. நீங்க புதுசு மாத்துறப்ப சொல்லுங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்றார்.

டிராயிங் கேட்டவன் வீட்டுக்குப் பாடைக்கு அளவெடுக்க ஆள் அனுப்பிய தங்கள் கருணையை என்னவென்று சொல்ல! பட்டறைப் பசங்கள் இன்னும் சிரித்து ஓயவில்லை. லேத்தில் நிற்கிற ஒருத்தன் பேனல் கதவுக்குச் சாமந்தி மாலையே போட்டுவிட்டான்.

மறுநாள் தங்கள் மின்னஞ்சலும் வந்தது. இந்த மாடலின் ஆயுட்காலம் நிறைவடைந்துவிட்டதாக வருத்தத்துடன் தெரிவித்திருந்தீர்கள். அதை நான் வாசித்துக் கொண்டிருக்கையில், அந்தப் பி.எல்.சி. பெரியவர் பத்தடி தள்ளி சாலினாய்டு வால்வுகளை வரிசை தவறாமல் திறந்து மூடிக்கொண்டு, தன் கருமாதிப் பத்திரிகை வந்தது தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எழவு சொல்லி அனுப்புவதற்கு முன் ஒருமுறை மூக்கில் கை வைத்துப் பார்ப்பது வழக்கமுங்க.

தங்கள் சாட் பெட்டியில் இருக்கும் இயந்திரப் பெண்மணியையும் பாராட்ட வேண்டும். பேட்டரி லைட் என்று டைப் அடித்து முடிப்பதற்குள் வைத்தியம் சொல்லிவிட்டார்: முதலில் பவரை ஆஃப் செய்து, அரை நிமிடம் கழித்து ஆன் செய்யவும். அடடா! புரோகிராம் இருப்பது ரேம் நினைவகத்தில். கரண்ட் இல்லாத நேரத்தில் அதைத் தாங்குவது அந்த 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. அதுதான் செத்துக்கிடக்கிறதே. இந்த நிலையில் பவரை அணைத்தால் பெரியவர் முகம், பேர், ஊர் எல்லாம் மறந்து வெறும் பெட்டியாக எழுவார். பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும் என்பது எங்கள் எலெக்ட்ரீசியனுக்குத் தெரிகிறது, அவர் ஐ.டி.ஐ. படித்தவர். வாய்க்கரிசியை முதல் கேள்விக்கே நீட்டுகிற சேவையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அந்த எலெக்ட்ரீசியனைப் பற்றி இரண்டு வார்த்தை. சில வருஷம் முன்பு இதே பெரியவர் மதியத்தில் சூடேறி மயங்கி விழுவார். எலெக்ட்ரீசியன் பவர் சப்ளையைக் கழற்றினார். ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட், ஆனால் 105 டிகிரி தாங்கும் ரகமாகப் பார்த்து சால்டர் வைத்தார். டீ காசுதான் செலவு. 24 வோல்ட் அசையாமல் நின்றது. இதற்கு அவருக்கு டிராயிங் தேவைப்படவில்லை. இப்போது ஒரு அவுட்புட் கார்டில் எந்த முனை எந்த வால்வுக்குப் போகிறது என்று பார்க்கத்தான் டிராயிங் கேட்கிறார்.

தங்கள் இணையதளத்தில் அது இருக்கிறது. நடப்புச் சேவை ஒப்பந்தம் வைத்திருக்கும் பங்குதாரர்கள் மட்டும் திறக்கலாமாம். சரி, ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறோம் என்றால், ஆயுள் முடிந்த மாடலுக்கு ஒப்பந்தம் கிடையாதாம். பொதுமக்களுக்கென்று திறந்துவிட்டிருப்பது ஒரே ஒரு பக்கம். அதில் நீளம், அகலம், எடை, நிறம். பாடைக்கு இது போதுமே, அந்தத் தம்பியை வேறு எதற்கு வெயிலில் அலைய விட்டீர்கள்?

தங்கள் குலத்தின் மூலவரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிறேன். 1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவுக்காரர்கள், கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல் முழுவதையும் பிரித்து வயர் மாற்றிச் சலித்துப்போய், மாற்றாக ஒன்று கேட்டார்கள். டிக் மோர்லியும் கூட்டாளிகளும் செய்து கொடுத்தது மோடிகான் 084. அவர்களுடைய 84-வது வேலை என்பதால் அந்தப் பேர். அதை ஏணிப் படம் போல எழுத வைத்ததற்கும் காரணம் உண்டு. ரிலே டிராயிங் படிக்கத் தெரிந்த ஆலை எலெக்ட்ரீசியன், கம்ப்யூட்டர் படிக்காமலேயே இதைப் படித்து, திருத்தி, ஓட்ட வேண்டும். யாருக்காகப் பிறந்ததோ அந்த ஆள் கையில் கொடுக்கக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயமுங்க? சிப் கிடைக்கவில்லை, இனிமேல் தயாரிக்க முடியாது என்றால் ஒத்துக்கொள்கிறோம். ஆலன்-பிராட்லி பி.எல்.சி.-5 கூட 2017-ல் விற்பனையை விட்டுப் போனது. சாவு எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் ஏற்கெனவே எழுதி, அச்சடித்து, காசு வாங்கி விற்ற பொருளின் புத்தகத்தைக் கொடுக்க எந்தச் சிப் வேண்டும்? ஒரு பி.டி.எஃப். கோப்பு தேய்ந்தா போகும்? எங்களை வழிக்குக் கொண்டுவரத்தான் பூட்டியிருக்கிறீர்கள். அதைச் சொல்லிவிட்டாவது செய்யுங்கள்.

மன்னிக்கணும். கை கொஞ்சம் ஓடிவிட்டது. தங்கள் பொறுமை கடல்.

தாங்கள் அன்போடு பரிந்துரைத்த புது மாடலின் கொட்டேஷனும் பார்த்தேன். இந்த எஸ்.பி.எம்.மை மூடிய ஆலையின் ஏலத்தில் எடுத்த விலையைவிட அது கூடுதல். போதாததற்கு புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டும். பழையதைப் பிரதி எடுக்கலாம் என்றால், மெஷினைச் செய்தவர் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார்; அவர் கம்பெனியும் மூடியாகிவிட்டது. திறக்கும் முறை தங்களிடம் இருக்கிறது. ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டுமாம். ஆக, வாரிசுச் சான்றிதழும் கேட்கிறீர்கள். தாலுகா ஆபீசில் மனுப் போடலாம். இறப்புச் சான்றிதழ் முதலில் வேண்டும் என்பார்கள், பெரியவர் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்.

எங்கள் ஊர் வழியாகத்தான் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் போகிறது. அங்கிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலின் முதல் எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் நூறு வருஷத்துக்கு முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவை தேய்ந்தபோது யாரும் கண்ணாடிப் பெட்டியோடு வந்து நிற்கவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே மாதிரி நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து ஏற்றிவிட்டார்கள். இன்னும் தொலைவுக்குப் போக வேண்டுமா? 1977-ல் நாசா ஏவிய வாயேஜர் 1 விண்கலத்தின் கம்ப்யூட்டரில் 2023 கடைசியில் ஒரு சிப் கெட்டுப்போனது. சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவு; ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். அந்தச் சிப்பில் இருந்த புரோகிராமை நினைவகத்தின் வேறு இடங்களுக்கு மாற்றி 2024 ஏப்ரலில் பேச வைத்துவிட்டார்கள். தங்கள் கிளை ஆபீசிலிருந்து எங்கள் பட்டறைக்கு டவுன் பஸ் இருக்கிறது.

சர்க்காரிடம் போகலாமே என்பீர்கள். போனோம். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல் ஒரு இணையதளமே திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் முதலான மின்னணுச் சாதனம், வீட்டுச் சாமான், வண்டி வாகனம் என்று நான்கு துறைகளுக்காகத் தொடங்கியது அது. மிக்சி வைத்திருப்பவருக்கு வாசல் உண்டு. மிக்சிக்கு மோட்டார் பாகம் கடைந்து கொடுக்கிற எங்களுக்கு இல்லை. 1937-லேயே இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர், ஒரு முனையின் நம்பருக்காகப் பிச்சை எடுக்கிறது. வயிறு எரியுதுங்க.

எரியட்டும், தாங்கள் நலமாக இருக்க வேண்டும். தங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். கைவிட்ட மாடல்களின் முழு மேனுவலையும் பழைய புரோகிராமிங் சாஃப்ட்வேரையும் பூட்டைத் திறந்து வெளியே வையுங்கள். மெஷின் யார் பட்டறையில் நிற்கிறதோ அவருக்குப் பாஸ்வேர்டு நீக்கும் வழியைச் சொல்லுங்கள். அத்தாட்சி வேண்டும் என்றால் ஏல ரசீதும், ஜி.எஸ்.டி. பதிவும் தருகிறோம். கருமாதி தேதியை அதற்குப் பிறகு கலந்து பேசி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாடிக்கையாளன்.

பி.கு.: தாங்கள் அனுப்பிய கருத்துப் படிவமும் கிடைத்தது. "எங்கள் சேவையை உங்கள் உறவினருக்குப் பரிந்துரைப்பீர்களா? 1 முதல் 10 வரை மதிப்பிடுக" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு பங்காளி இருக்கிறார். அப்பன் காலத்திலிருந்து வரப்புத் தகராறு, கேஸ் கோர்ட்டில் நிற்கிறது. அவரும் இப்போது பட்டறை போடப் போவதாகப் பேச்சு. 10 போட்டிருக்கிறேன்.