பாஸான புகை

என் டீசல் காரின் புகைச் சான்று முடிய ஒரு வாரம் இருந்தது. 2012-இல் வாங்கிய பாரத் ஸ்டேஜ் 4 வண்டி. அதன் புகையின் கருமை, கருவிக் கணக்கில், மீட்டருக்கு 1.62-ஐத் தாண்டக் கூடாது என்கிறது விதி. இப்போது வரும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலுக்கு 0.7. சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மெக்கானிக்கிடம் போனேன்.

"எமிஷனுக்கா சார்? அதுக்கு எதுக்கு வண்டியைக் கொண்டாந்தீங்க?" என்றார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். மிளகாய் மண்டியில் மூட்டை உதறினாற்போல் ஆளுக்கு நாலு தும்மல். புது ஃபில்டர், டீசல் ஃபில்டர், இஞ்செக்டர் கிளீனிங், ஆயில் என்று ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. கடைசியில் தொழில் ரகசியம் ஒன்று சொன்னார்: "டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பைபாஸ்ல இருபது கிலோமீட்டர் நல்லா மிதிச்சு ஓட்டுங்க சார். எஞ்சின் சூடாகும். டவுனுக்குள்ள ஊர்ந்து ஊர்ந்து சைலன்சர்ல படிஞ்ச கரியெல்லாம் ஊதிக்கிட்டு வெளிய போயிடும். டெஸ்ட்ல சுத்தமாக் காட்டும்."

மிதித்தேன். பின்கண்ணாடியில் கறுப்பாக ஒரு மேகம் எழுந்தது. சாலையோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஓராண்டுக் கரியை அவருடைய நெஞ்சில் கொட்டிவிட்டுக் கழுவிய குதிரை மாதிரி சோதனைக்குப் புறப்பட்டேன். வண்டியைத் தயார் செய்வது என்பது இதுதான். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வகுப்பறைக்கு வெள்ளையடித்து, மக்குப் பையன்களுக்கு லீவு விட்ட பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். எனக்குப் புரியாதா?

பங்க் ஓரத்தில் ஒரு வேன். அதற்குள் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒரு தம்பி. நம்பர் பிளேட்டை மொபைலில் படம் எடுத்தார். எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருந்தேன். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து விட வேண்டும், பல தடவை. சைலன்சருக்குள் நுழைத்த குழாய் புகையை அளக்கும். முறை அதுதான்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்க சார், போன் பேசறது கேக்கல."

அணைத்தேன். பிரிண்டர் கரகரத்தது. சான்று வந்துவிட்டது. புகை அளவு 0.84.

"தம்பி, குழாயை உள்ளே விடவே இல்லையே?"

"விட்டா மெஷின் கரியாயிடும் சார்."

"அப்போ இந்த 0.84?"

"அது சிஸ்டம் போடும்."

குழாய் வேன் கதவின் ஆணியில், பாம்பு உரித்த சட்டைபோல் தொங்கியது. புகைபடாத குழாய். அந்த இளநீர்க்காரருக்கு இல்லாத பாதுகாப்பு அதற்கு இருக்கிறது.

ஒரு தம்பியின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2025-இல் டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் பாருங்கள். வண்டியைச் சோதித்த ஒரே நிமிஷத்துக்குள் வழங்கிய சான்றுகள் 76,865. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகப் பதிவான சம்பவங்கள் 7,643. வரம்பு மீறியது என்று அவர்களே எழுதிவிட்டு, அவர்களே பாஸ் போட்ட டீசல் வண்டிகள் 4,007! பொய் எழுதக்கூடச் சோம்பல். நாட்டின் தலைநகரில், உச்ச நீதிமன்றத்தின் மூக்குக்குக் கீழே.

ஜெர்மனிக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி எவ்வளவு பாடுபட்டது! சோதனை நடக்கிறது என்று மோப்பம் பிடித்தால் மட்டும் வண்டி சாதுவாகிவிட ஒரு மென்பொருள். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல் நாற்பது மடங்கு வரை. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்கள். 2015-இல் குட்டு உடைந்தது, அதிகாரி ஒருவர் அமெரிக்காவில் ஏழாண்டுச் சிறைத்தண்டனை வாங்கினார். அசடுகள். ஒரு வேனும் ஒரு மொபைலும் போதும் என்று நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே.

அந்த நைட்ரஜன் ஆக்சைடை நம் டீசல் புகைச் சோதனை அளப்பதே இல்லை. நுரையீரலின் அடிவரை இறங்கும் நுண்துகளையும் அளப்பதில்லை. கருமையை மட்டும் பார்க்கும். அதையும் பார்க்க மாட்டோம் என்றால், எதற்கு ஐயா இந்த வேன், இந்தக் கட்டணம், இந்த முத்திரை? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. நடைமுறையில் அது விழுவது காகிதம் இல்லாதவன் தலையில். புகை விட்டவன் காகிதத்தை நீட்டிவிட்டுப் போகிறான்.

திரும்பும் வழியில் சிக்னலில் ஒரு லாரி தார்போல் கக்கிக்கொண்டு நின்றது. அதன் பின்னால், முகத்தில் கர்ச்சீப் கட்டிய போக்குவரத்துக் காவலர் என்னைத்தான் ஓரங்கட்டினார். சான்றைக் காட்டினேன். "கரெக்டா இருக்கு, போங்க" என்று சொல்லிவிட்டு இருமினார். லாரிக்காரரிடமும் கரெக்டாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த முறை நீங்கள் சான்று எடுக்கப் போகும்போது, ஆணியில் தொங்கும் அந்தக் குழாயை எடுத்து உங்கள் சைலன்சருக்குள் விடச் சொல்லி அடம்பிடியுங்கள். பத்து நிமிஷம் கூட ஆகும். பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.