கைவிடப்பட்ட கூடை: மின்வணிகக் கல்வி பற்றிய ஓர் ஆராய்ச்சி

மனிதன் கற்கும் வித்தைகளைக் குருவின் எதிரில் கைகட்டி நின்று கற்பவை, குருவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கற்பவை என இரண்டாகப் பகுப்பதே முன்னோர் வழக்கம். குரு ஒரு கண்ணாடிப் பலகைக்குள் அடைபட்டிருக்க, சிஷ்யன் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, வேண்டும்போது அவரைப் பேச விட்டு, வேண்டாதபோது பாதி வார்த்தையில் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கச் செய்யும் மூன்றாவது முறை நம் காலத்தில்தான் உண்டாயிற்று. அம்முறையில் நான் பயின்றுவருவது 'மின்வணிக அடிப்படைகள்' என்னும் எட்டு வாரப் பாடம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கடைத்தெருவுக்குப் போவதென்றாலே முழங்காலைக் கலந்தாலோசிக்க வேண்டிய நிலையிலுள்ள ஒருவன், இந்தப் பாடத்தில் ஏன் சேர்ந்தான் என்பது ஆராய்ச்சியின் முதல் வினா. பாடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை என்பதே அதற்கு விடையாதலால், அதை விரிக்காமல் மேலே செல்கிறேன்.

இத்தகைய பாடங்களுக்கு நம் தேசத்தில் இலக்கணம் வகுத்தது, 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' என்னும் திட்டம். காணொளி, படிப்பதற்கான ஏடு, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், ஐயம் கேட்பதற்கான சபை என்று அது பாடத்துக்கு நான்கு அங்கங்களை விதித்தது. நான் சேர்ந்தது அதில் அன்று, வேறொரு சர்வகலாசாலையில்; ஆனாலும் அங்கங்கள் அவையே. இந்நான்கினுள் தொடக்கத்தில் காணொளி ஒன்றே எனக்குப் பிரத்தியக்ஷம். ஏனைய மூன்றும் அப்போது அனுமானப் பிரமாணத்தால் மட்டுமே அறியப்பட்டவை. காணொளியை அதன் இயல்பான வேகத்தில் கேட்பவர் யாருமில்லை என்று என் பேத்தி சொன்னதன்பேரில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். நிதானமும் சாந்தமும் நிறைந்த அந்தப் பேராசிரியர், உடனே காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிறவரின் சாயலைப் பெற்றுவிட்டார். வியாபாரப் பாடத்துக்கு அந்தக் குரலே பொருத்தம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இங்கு ஒரு கண்டுபிடிப்பைப் பதிவுசெய்ய வேண்டும். சிஷ்யன் உறங்கிவிட்டாலும் காணொளி தன்பாட்டில் ஓடி முடிகிறது; முடிந்ததும் பக்கத்தில் ஒரு பச்சை நிறச் சரி அடையாளம் தோன்றுகிறது. விழித்துக் கேட்டவனுக்கு ஒரு பச்சையும் குறட்டை விட்டவனுக்கு வேறொரு பச்சையும் என்ற பேதம் அங்கே இல்லை. என் கணக்கில் நூற்றுக்கு 72 பங்கு பாடம் பூர்த்தியாகியிருப்பதாக இன்றைய நிலவரம் காட்டுகிறது. இதில் துயிலில் ஈட்டியது எவ்வளவு என்று பிரித்தறியும் கருவி இன்னும் வரவில்லை.

நிற்க. முதல் வாரம் சரித்திரம். மின்வணிகத்தின் ஆதிபுருஷர் மைக்கேல் ஆல்ட்ரிச் என்னும் ஆங்கிலேயர். அவரும் மனைவியாரும் தங்கள் நாயை அழைத்துக்கொண்டு உலாவச் சென்றபோது, வாரந்தோறும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் தொல்லையைப் பற்றிப் பேச்சு வந்ததாம். அதன் பயனாக 1979இல் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியோடு பிணைத்தாராம். மனைவி கடைக்குப் போகச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஜாதியில் பிறந்த எனக்கு, போகாமலிருக்கும் பொருட்டு ஒரு சாஸ்திரத்தையே தோற்றுவித்த அவருடைய சோம்பல் பெருஞ்சோம்பலாகத் தோன்றிற்று. 1984இல் அந்நாட்டுக் கேட்ஸ்ஹெட் என்னும் ஊரில் 72 வயது மூதாட்டி ஒருவர், வீட்டு நாற்காலியில் இருந்தபடியே மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆகியவற்றை இம்முறையில் வரவழைத்தார். பின்னர் 1995இல் அமெரிக்காவில் பியேர் ஒமிட்யார் ஏற்படுத்திய ஏலத் தளத்தில் உடைந்துபோன லேசர் விளக்கு ஒன்று 14 டாலர் 83 சென்டுக்கு விலைபோயிற்று. விற்றவர் வியந்து, அது உடைந்தது என்று தெரியுமா என வினவ, வாங்கியவர் உடைந்த விளக்குகளையே தாம் சேகரிப்பதாகப் பதில் எழுதினாராம். இதைச் சொல்லும்போது பேராசிரியர் ஒரு மகத்தான தத்துவத்தை வெளியிடுகிறவர்போல் சற்று நிறுத்தினார். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் ஒற்றைச் செருப்பும் முள் இல்லாத கடிகாரமும் விலைபோகப் பார்த்த சென்னைவாசிக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் வாரம் வகைப்பாடு. வியாபாரி வியாபாரிக்கு விற்பது 'பி டு பி'. வியாபாரி குடிஜனங்களுக்கு விற்பது 'பி டு சி'. குடிகள் தமக்குள் விற்பது 'சி டு சி'. குடிமகன் ஒருவன் வியாபாரிக்கு விற்பது 'சி டு பி'. கடைசி வகைக்கு உதாரணம் கிடைப்பது அரிது என்று பாட ஏடு கூறுகிறது. அதை எழுதியவருக்குச் சிலப்பதிகாரம் தெரியாது என்பது வெளிப்படை. மனைவியின் காற்சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைப் பெருந்தெருவுக்குப் போன கோவலன் செய்ய முயன்றது 'சி டு பி' அல்லாமல் வேறென்ன? அந்த வியவகாரத்தை இக்காலப் பாடத்தின் ஒளியில் பரிசீலித்தால் மூன்று பிழைகள் புலப்படுகின்றன. விற்பவன் இன்னான் என்பதற்கு அத்தாட்சியில்லை. இடைத்தரகனான பொற்கொல்லனின் யோக்கியதை விசாரிக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொருள் விவரம் எழுதப்படவில்லை. கண்ணகியின் சிலம்பில் உள்ளே இருந்தது மாணிக்கப் பரல். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. 'உள்ளீடு: மாணிக்கம்' என்று ஒரு வரி இருந்திருந்தால் பாண்டியன் உயிர் தப்பியிருப்பான், மதுரையும் எரிந்திராது. நமக்கு ஒரு காப்பியம் குறைந்திருக்கும். பொருள் விவரத்தின் அவசியத்தைப் பற்றிய வினாவுக்கு இதையே விடையாக எழுதிச் சபையில் இட்டேன். பதிலுக்கு ஒருவர் கட்டைவிரலை உயர்த்திய சித்திரம் ஒன்றை அனுப்பியிருந்தார். அது இகழ்ச்சியா புகழ்ச்சியா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் சங்கேத சாஸ்திரம், அதாவது இரகசியத்தைக் காப்பது. இதில் ஆலிஸ் என்ற பெண்மணியும் பாப் என்ற ஆடவரும் வருகிறார்கள். ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் தோன்றிய இவ்விருவரும், அன்றுமுதல் இன்றுவரை உலகத்துப் பாடப்புத்தகங்கள் அனைத்திலும் ஒருவருக்கொருவர் இரகசியக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கடிதத்தில் என்ன எழுதினார்கள் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. ஆளுக்கு இரண்டு திறவுகோல், ஒன்று ஊருக்கெல்லாம் பொது, மற்றது தனக்கு மட்டும் என்று பேராசிரியர் ஒன்றரை மடங்கு வேகத்தில் விளக்கியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொண்டேன், விளங்கிவிட்டது. நான் ஆயிரம் பூட்டுகளைச் செய்து, திறந்த நிலையிலேயே ஊரெல்லாம் விநியோகித்து, சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொள்கிறேன். எனக்குக் கடிதம் எழுதுகிறவர் அதைப் பெட்டியில் வைத்து என் பூட்டை அழுத்தி மூடி அனுப்புகிறார். மூடியபின் அவராலேயே அதைத் திறக்க முடியாது. பூட்டு ஊராருடையது, சாவி என்னுடையது, விஷயம் இவ்வளவுதான். நாம் கடையில் பணம் செலுத்தும்போது விலாசத்தின் ஓரத்தில் ஒரு சிறு பூட்டு தென்படுவதன் தாத்பரியமும் ஏறக்குறைய இதுவே.

நான்காம் வாரத்தில் பணம் செலுத்தும் முறைகள். சாமான் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையை 2010இல் பெங்களூர்க் கம்பெனி ஒன்று புகுத்தியதால்தான் இந்தியாவில் மின்வணிகம் வேரூன்றியது என்றும், இது நம் தேசத்துக்கே உரிய நூதனமான ஏற்பாடு என்றும் பேராசிரியர் பெருமிதத்தோடு கூறினார். வேரூன்றியது உண்மை; நூதனம் என்பதை மறுக்கிறேன். இந்தியத் தபால் இலாகா 1877ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. என்ற ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. தபால்காரர் பார்சலோடு திண்ணையில் வந்து நிற்பார். பணத்தை எண்ணிக் கொடுத்தால் பார்சல் நம்முடையது, கொடுக்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும். பஞ்சாங்கமும் லேகியமும் துப்பறியும் நாவல்களும் இவ்வழியாகத்தான் கிராமங்களை அடைந்தன. என் பெரியப்பா ஒருவர், விளம்பரம் கண்ட பொருளுக்கெல்லாம் கார்டு எழுதிப்போட்டு, வி.பி. வரும் நாளில் கொல்லைப்புறமாக வெளியேறிவிடுவார். 'மறுக்கப்பட்ட சரக்கு' என்று இக்காலத்தார் தலைவலி கொள்ளும் பிரச்சினையின் மூலபுருஷர்களில் அவரும் ஒருவர்.

இனி ஐந்தாம் வாரம். இவ்வாராய்ச்சியின் ஜீவன் இங்கேதான் இருக்கிறது. இணையக் கடைக்கு வருகிறவன் பொருள்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, பணம் செலுத்தும் வாசல்வரை வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துவிடுகிறான். இவ்வாறு கைவிடப்படும் கூடைகள் நூற்றுக்கு 70 என்ற அளவில் இருக்கின்றனவாம். இதற்கு என்ன காரணம் என்ற வினாவுக்கு நான்கு விடைகள் தரப்பட்டிருந்தன: அனுப்பும் செலவு, கணக்குத் தொடங்கும்படி வற்புறுத்தல், நம்பிக்கைக் குறைவு, மேற்கூறிய அனைத்தும். எந்தப் பரீட்சையிலும் 'மேற்கூறிய அனைத்தும்' என்று ஒரு விடை இருந்தால் அதுவே சரியான விடை என்பது என் அனுபவ சித்தாந்தம். அவ்வாறே குறித்து முழு மதிப்பெண் பெற்றேன். ஆனால் பரிகாரம் என்ன என்ற கேள்வி எஞ்சியிருந்தது. பாட ஏட்டில் அதற்குப் பதினோரு பக்கம். அதைப் படிப்பதற்கு முன் கள ஆய்வு ஒன்று செய்வது முறை என்று கருதி, எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்குச் சென்றேன்.

அண்ணாச்சி அரைக் கிலோ துவரம்பருப்பைத் தராசில் இட்டு, இன்னும் நாலு மணியை மேலே தூவி, பழைய செய்தித்தாளில் கொட்டிச் சுருட்டி, உத்தரத்திலிருந்து தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுத்தார். அந்த அறுப்பில் கத்தரிக்கோலுக்கு வேலையில்லை.

"அண்ணாச்சி, சாமானையெல்லாம் கூடையில எடுத்து வெச்சுட்டு வாங்காமப் போறவங்க உண்டா?"

"எப்பவாச்சும் உண்டு சார். துட்டு எடுக்க மறந்துட்டு வந்திருப்பாக."

"அப்போ என்ன செய்வீங்க?"

"கொண்டு போங்க, அப்புறம் பாத்துக்கிடலாம்னு சொல்லுவேன்." இதைச் சொல்லிக்கொண்டே கறிவேப்பிலை ஒரு கொத்தை ஒடித்து என் பையில் போட்டார். நான் அதைக் கேட்கவில்லை. அவரும் கணக்கில் எழுதவில்லை.

பதினோரு பக்கங்களின் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டதைக் கண்டு நான் சிறிது நேரம் பேச்சற்று நின்றேன். எட்டு வாரப் பாடத்தில் 'கொசுறு' என்ற சொல்லோ 'போணி' என்ற சொல்லோ ஓரிடத்திலும் வரவில்லை என்பதையும் இங்கே ஆக்ஷேபணையாகப் பதிவுசெய்கிறேன். காலையில் முதல் வியாபாரம் கடன் சொல்லிப் போகக்கூடாது என்ற விதியை அறியாத ஒரு வணிக சாஸ்திரம் பூரணமானதென்று எப்படிச் சொல்ல முடியும்?

பாட ஏடு சொல்லும் பரிகாரம் வேறு. கூடையைக் கைவிட்டவனுக்கு மறுநாள் ஒரு ஞாபகக் கடிதம் அனுப்ப வேண்டும். அசையாவிட்டால் சில தினங்கள் கழித்து விலையில் சிறிது தள்ளுபடி காட்ட வேண்டும். அப்போதும் அசையாவிட்டால் தள்ளுபடியை உயர்த்த வேண்டும். இதைப் படித்த கணத்தில் எனக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. இணையவழிப் பாடங்களில் சேருகிறவர்களில் நூற்றுக்குப் 10 பேர் முடித்தால் அதிகம் என்கிறார்கள். அப்படியானால் நானும் என் சகமாணாக்கர்களும் யார்? சர்வகலாசாலை என்னும் கடையில் கைவிடப்பட்ட கூடைகளைத் தவிர வேறென்ன? கூடைகளைப் பற்றிய பாடத்தைக் கூடைகளுக்கே நடத்துகிறார் பேராசிரியர். அவர் இதை அறிந்தே செய்கிறாரா என்பதைக் காணொளியிலிருந்து நிச்சயிக்க முடியவில்லை.

கடைசிப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற 1,500 ரூபாய் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு ஆறாம் வார இறுதியில் வந்தது. கற்ற கல்வியைக் கையாண்டு பார்ப்பதே மாணாக்கன் கடமையாதலால், சான்றிதழைக் கூடையில் போட்டேன். பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாவற்றையும் பிழையறப் பூர்த்திசெய்தேன். 'பணம் செலுத்துக' என்ற பொத்தான்மீது விரலை வைத்து, அழுத்தாமல் எடுத்துவிட்டு, திண்ணைக்குப் போய்ப் பத்திரிகை படித்தேன். மறுநாள் காலை ஒரு கடிதம்: என் கூடையில் எனக்காக ஏதோ காத்திருக்கிறதாம். ஆறாம் நாள் இன்னொன்று: 100க்கு 10 தள்ளுபடி, எனக்கென்றே விசேஷமாக. பாட ஏட்டின் ஐந்தாம் அதிகாரம் வரி பிசகாமல் நடந்தேறுவதைக் கண்டு, பாடத்தின்மீதும் சர்வகலாசாலையின்மீதும் எனக்கு இருந்த மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. பதினைந்தாம் நாள் 20 என்று வந்தது. நேற்று மாலை வந்த கடிதத்தில் 30. கூடையை நான் இன்னும் தொடவில்லை.