தானா நம்பர் போட்டா ஒனக்கு என்னலே சோலி?

ஏ பேராண்டி, சொன்னாக் கேளு. வி.எம்.முக்கு ஐபி நம்பர் போடுத சோலிய மட்டும் தானியங்கி ஆக்கிப்புடாத. ஆக்கினேன்னு வையி, நாளைக்கு ஒன்னய ஒரு நாதி கேக்காது. இப்ப எப்படி இருக்க பாரு. ராத்திரி சோத்துல கை வச்சிருக்கும்போது சென்னையிலேருந்து போன் வருது, "ப்ரோ, புதுசா மூணு வி.எம். எழுப்பியிருக்கோம், ஐபி குடுங்க"ன்னு. நீ எடது கையால லேப்டாப்பத் தொறக்க. எக்ஸெல்ல மஞ்ச அடிக்காத வரியத் தேடுத. அந்த நம்பருக்கு ஒரு பிங் அடிக்க. பதில் இல்லன்னதும், "அம்பத்தேழு, அம்பத்தெட்டு, அறுவத்தொண்ணு எடுத்துக்கோ"ன்னு அருள்வாக்கு சொல்லுத. அங்கன "தேங்க்ஸ் ப்ரோ"ங்கான். இங்கன சோறு ஆறிப்போச்சேன்னு ஒங்க ஆச்சி பொலம்புதா. இந்த மரியாதைய எந்த மடையனாவது ஒரு மிஷின்ட்ட தூக்கிக் குடுப்பானா?

நான் தலையாரியா இருந்தவம்லா. எங்க கர்ணம் ஒருத்தரு இருந்தாரு. எந்தப் புஞ்சை யாரு குத்தகையில இருக்கு, என்னைக்கு முடியுதுங்கதுல பாதிதான் நோட்டுல இருக்கும். மீதி அவரு மண்டைக்குள்ள. அந்த மீதிக்குத்தான் ஊரு பயந்துச்சு. வெடக்கோழியும் நல்லெண்ணெயும் அவரு வீட்டுக்குப் போனதும் அந்த மீதிக்குத்தான். 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரு அவசரச் சட்டம் போட்டாரு. தமிழ்நாடு பூரா கர்ணம், மணியம் பதவியெல்லாம் ஒரே அடியாப் போச்சு. ஒன் எக்ஸெலுக்கும் அப்படி ஒருத்தரு வராமலா இருப்பாரு? அதனால அந்த ஃபைல யாருக்கும் காட்டாத. பேரையும் மாத்தாத. 'ஐபி லிஸ்ட் ஃபைனல் நியூ 2'ன்னு வச்சிருக்கேல்லா, அதுல எது ஃபைனல், எது நியூன்னு ஒனக்கே வெளங்காம இருக்கதுதான் ஒனக்குப் பாதுகாப்பு.

ஆனா ஒரு சந்தேகம். பிங் அடிச்சுப் பதில் வரலன்னா அந்த நம்பர் காலின்னு ஒனக்கு யாருலே சொன்னா? நிறுத்தி வச்ச வி.எம். எங்கனருந்து பதில் சொல்லும்? ஃபயர்வால் போட்டது ஓடிக்கிட்டு இருந்தாலும் வாயத் தொறக்காது. நீ பாட்டுக்கு அந்த நம்பரப் புதுசுக்குக் குடுத்துருத. மாசக் கடைசியில சம்பளக் கணக்குப் போடுதவன் வந்து பழச எழுப்புதான். இப்ப ஒரே நம்பர் ரெண்டு மிஷின்ட்ட. "இந்த ஐபி யாருது?"ன்னு ஏ.ஆர்.பி. கேட்டா ரெண்டும் "எனக்கு"ங்கும். எது கடைசியாச் சொல்லிச்சோ அது பக்கம் பாக்கெட் போவும். கொஞ்ச நேரம் எல்லாம் சரியா ஓடும், கொஞ்ச நேரம் ஓடாது. நீ கேபிள மாத்துத, சுவிட்ச ரீஸ்டார்ட் பண்ணுத, கடைசியில வென்டார் தலையில பழியத் தூக்கிப் போடுத. அந்த எக்ஸெலத் தவிர மீதி எல்லாத்து மேலயும் ஒனக்குச் சந்தேகம் வருது.

தாத்தனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. ஒன் மேசையில ஒரு தடிப் புஸ்தகம் கெடக்குல்லா, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம? நாந்தான் பிரிச்சேன்.

அதுல ஜான் பாஸ்டல்னு ஒரு மனுசன் வாராரு. இன்டர்நெட்டு குழந்தையா இருந்த காலத்துல, எந்த நெட்வொர்க்குக்கு எந்த நம்பர்னு கணக்கு வச்சவரு. 1981ல ஆர்எஃப்சி 790ன்னு அவரு போட்ட பட்டியல்ல நெட்வொர்க் நம்பரெல்லாம் வரிசையா இருக்கு. ஒரு காலத்துல உலகத்துக்கே ஒரு பட்டியல் போதுமா இருந்திருக்கு. அப்ப நாப்பது வி.எம். வச்சிருக்க ஒனக்கு எக்ஸெல் எப்படிப் போதும்? நீ அவரவிடப் பெரிய ஆளுல்லா!

சரி, வெளையாட்டு போதும். டிஹெச்சிபின்னு ஒண்ணு இருக்கு, நீயும் கேள்விப்பட்டிருப்ப. 1985ல வந்த பூட்-பிங்கிற பழைய முறையிலருந்து வளந்தது. ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதி, 1997 மார்ச்சுல ஆர்எஃப்சி 2131ஆ வந்துச்சு. இன்னும் அதுதான் ஓடுது. வி.எம். கண்ணு முழிக்கும்போது அதுக்கு நம்பரே கெடையாது, 0.0.0.0தான். 255.255.255.255ங்கிற நம்பருக்கு, அதாவது அந்தக் கம்பியில இருக்க அத்தன பேருக்கும் கேக்குத மாதிரி, "யாராவது எடம் குடுப்பியளா?"ன்னு ஒரு கூப்பாடு போடும். சர்வரு, "இந்த நம்பர் இருக்கு, வேணுமா?"ங்கும். "சரி, அதையே குடு"ங்கும் இது. "எடுத்துக்கோ, இன்ன நேரம் வரைக்கும்"னு அது முடிச்சிரும். நாலே பேச்சு. நம்ம ஊருல ஒரு குத்தகை படிய மூணு பஞ்சாயத்தும் ஒரு மண்டையொடைப்பும் வேணும்.

அந்த 'இன்ன நேரம் வரைக்கும்'ங்கதுலதான் சூச்சுமம் இருக்கு. நம்பர் யாருக்கும் சொந்தமில்ல. பாதி நேரம் கழிஞ்சதும் வி.எம்.மே போயி, "இன்னும் இருக்கேன், நீட்டிக் குடு"ங்கும். அந்த சர்வரு பதில் சொல்லலன்னா, எட்டுல ஏழு பங்கு நேரம் கழிஞ்ச பொறவு மறுபடி எல்லாருக்கும் கேக்கக் கூப்பாடு போடும். அப்பவும் ஒருத்தரும் ஏனுன்னு கேக்கலன்னா, கெடு முடிஞ்சதும் நம்பர விட்டுரணும். எங்க காலத்துக் குத்தகைக்காரன் எவனாவது கெடு முடிஞ்சதும் தானா வரப்ப விட்டு எறங்கினதுண்டா? கோர்ட்டுக்குல்லா இழுப்பான்!

இதுக்கு நீ தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம். ஒன் லினக்ஸ்ல லிப்வர்ட் போட்டப்பவே 192.168.122ன்னு ஒரு நெட்வொர்க் தானா வந்திருக்கும். அதுக்குள்ள டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரு சின்ன புரோகிராம் உக்காந்திருக்கு; சைமன் கெல்லின்னு ஒருத்தரு எழுதினது. அது 2லருந்து 254 வரைக்கும், மொத்தம் 253 நம்பர வச்சுக்கிட்டு, வாரவனுக்கெல்லாம் படி அளந்துக்கிட்டிருக்கு. புதுசா ஒருத்தனுக்கு நம்பர் குடுக்கதுக்கு முன்ன அதுவும் பிங் அடிச்சுப் பாக்கும், ஒன்ன மாதிரியே. ஆனா அது பிங்க மட்டும் நம்பாது. குத்தகைப் புஸ்தகத்தையும் சேத்துப் பாக்கும். போதாததுக்கு, வி.எம்.மோட பேரக் கேட்டா அதுவே நம்பரச் சொல்லிரும். அம்பத்தேழு யாரு, அறுவத்தொண்ணு யாருன்னு நீ மனப்பாடம் பண்ண வேண்டாம். இவ்வளவும் பக்கத்துல வச்சுக்கிட்டு நீ சோத்துக் கையோட மஞ்ச அடிச்சிக்கிட்டு இருக்க பாரு, நீதாம்லே எங்க வம்சம்.

இப்ப, "சரி தாத்தா, இன்னைக்கே போட்டுருதேன்"னு குதிப்ப. உக்காரு. கெடு எவ்வளவுன்னு யோசிச்சியா? ஒங்க டெஸ்ட் பண்ணுத பயலுக அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வி.எம். எழுப்பி, சோலி முடிஞ்சதும் கழுத்தத் திருகிருதானுவ. முறையா மூடினா, "நான் போறேன், நம்பர எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போறதுக்கு ஒரு வழி உண்டு. கழுத்தத் திருகினது எங்கன சொல்லிட்டுப் போவும்? ஆளு செத்தாச்சு, குத்தகை மட்டும் புஸ்தகத்துல நிக்கும். ஒவ்வொரு வி.எம்.மும் புது அடையாளத்தோட வாரதால பழச எடுத்துக்கவும் மாட்டேங்கு. 24 மணி நேரக் கெடு வச்சியோ, அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணுன்னு ஒரு நாளைக்கு 288 ஆச்சு; இருக்கது 253. விடியக்காலம் எடம் தீந்துரும். ஒரு மணி நேரக் கெடுன்னா எந்நேரமும் புஸ்தகத்துல பன்னெண்டு, பதிமூணு பேருதான் நிப்பான். ஒண்ணும் சொல்லாம விட்டா டிஎன்எஸ்மாஸ்க் ஒரு மணி நேரம்தான் குடுக்கும். அத எவனோ ஒரு நாளா மாத்தியிருக்கான்னா, அவன் புத்திசாலியாத்தான் இருப்பான். ஒன் செட்டிங்க ஒருக்கா பாரு. நான் ஒண்ணும் சொல்லல.

அடுத்ததுதாம்லே பெரிய கூத்து. நம்பர் குடுக்குதவன் ஆளு மொகம் பாத்துக் குடுக்கதில்ல, அடையாளம் பாத்துத்தான் குடுப்பான். அடையாளம்னா மேக் அட்ரஸ்னு நீ நெனச்சிக்கிட்டிருக்க. ஒன் வி.எம். எல்லாம் 52:54:00ன்னு தொடங்கும், கேவிஎம் குடும்பத்துக்கு அதான் வழக்கம். பின்னால உள்ள மூணு சோடி எழுத்து ஆளுக்கு ஆளு மாறும். குளோன் பண்ணும்போது விர்ட்-குளோன் அதையும் புதுசா மாத்திக் குடுத்துரும். அப்ப பிரச்சின இல்லைன்னுதான நெனப்ப? அங்கதான் உபுண்டு ஒனக்கு ஆப்பு வச்சிருக்கு. 18.04 காலத்துலருந்து அதோட சர்வர் பதிப்பு நம்பர் கேக்கப் போகையில மேக் அட்ரஸ அடையாளமாக் காட்டாம, மெஷின்-ஐடிங்கிற கோப்புலருந்து செஞ்ச ஒரு அடையாளத்த நீட்டுது. ஈடிசி அடைவுக்குள்ள ஒத்த வரியா கெடக்கும் அந்தக் கோப்பு. நீ ஒரு வி.எம்.ம அழகா அலங்கரிச்சு, அதுலருந்து பத்து குளோன் எடுத்தேன்னா, பத்துக்குள்ளயும் அதே வரி. பத்தும் சர்வர்ட்டப் போயி ஒரே பேரச் சொல்லும். சர்வரு பாவம், "போன தடவ வந்த பயதான"ன்னு பத்துக்கும் ஒரே நம்பரக் குடுக்கும். அது மேல தப்பு சொல்ல முடியாது, சட்டப்படிதான் செஞ்சிருக்கு.

இதுல ஒரு களவாணித்தனம் ஒளிஞ்சிருக்கு, காதக் கொண்டா. ஒரே நம்பர்ல வேற மிஷின் வந்து நின்னா, எஸ்எஸ்எச் சாதாரணமா "சாவி மாறியிருக்கு, யோசிச்சுப் போ"ன்னு கத்தும். குளோன் பண்ணும்போது அந்தச் சாவியும் சேந்துல்லா வந்திருக்கு! அதனால அதுவும் வாயத் தொறக்காது. மூணாம் நம்பர்னு நெனச்சு ஏழாம் நம்பருக்குள்ள நொழஞ்சு, பழைய டேட்டாபேஸத் தொடச்சிட்டு, "முடிஞ்சுது சார்"னு மெயில் போடுவ. அந்த மெயிலு மட்டும் சரியான ஆளுக்குப் போயிச் சேரும்.

அதனால, குளோன் எடுக்கதுக்கு முன்ன அந்த மெஷின்-ஐடி கோப்பக் காலி பண்ணு. அழிக்காதலே, காலி பண்ணுன்னேன். கோப்பு இருக்கணும், உள்ள ஒண்ணும் இருக்கப்படாது. அப்பதான் கண்ணு முழிக்கும்போது தனக்குன்னு ஒண்ணு புதுசா எழுதிக்கிடும். எஸ்எஸ்எச் சாவியயும் எடுத்துரு. கையால செஞ்சா நீ மறந்துருவ, ஒன்னயத் தெரியாதா. விர்ட்-சிஸ்பிரெப்னு ஒரு கருவி இருக்கு, ரெண்டையும் சேத்துத் தொடச்சிரும். அத ஒன் ஸ்கிரிப்டுக்குள்ளயே சொருகி வையி. அதுக்கும் சோம்பல்னா, நெட்பிளான்ல டிஹெச்சிபி அடையாளம் மேக்னு ஒத்த வரி எழுது. அப்ப பழையபடி மேக்கக் காட்டும். நம்பர் தகராறு தீந்துரும், சாவித் தகராறு தீராது. எத்தன தூரம் சோம்பல் படலாம்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

டேட்டாபேஸ் சர்வருக்கு நெலையா ஒரு நம்பர் வேணுமேன்னு இழுப்ப. வேணுந்தான். அத வி.எம்.முக்குள்ள போயி எழுதாத. எழுதினா சர்வருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு அதே நம்பர இன்னொருத்தனுக்குக் குடுத்துரும். குடுக்குதவன்ட்டயே, "இந்த மேக் வந்தா எப்பவும் இந்த நம்பர்"னு பதிஞ்சு வச்சிரு. வி.எம். வழக்கம்போலக் கேக்கட்டும், அதுக்கு எப்பவும் ஒரே பதில் வரட்டும். வி.எம். நூத்துக்கணக்குல ஆச்சுன்னா நெட்பாக்ஸ் மாதிரி ஒண்ணு வையி. டிஜிட்டல்ஓஷன் கம்பெனியில ஆரம்பிச்சு 2016ல எல்லாருக்கும் தொறந்து விட்டது. "அடுத்த காலி நம்பர் எது?"ன்னு ஸ்கிரிப்டே அதுட்டக் கேட்டு வாங்கிக்கிடும். ஒண்ணு மட்டும் செய்யாத: நெட்பாக்ஸும் ஓடும், ஒன் எக்ஸெலும் ரகசியமா ஓடும்னு ரெட்டக் கணக்கு வேண்டாம். அந்தக் கதையில யாரு மாட்டுவாங்கிறது தலையாரிக்கு நல்லாத் தெரியும்.

சோதிக்கதுக்கு ஒன் லேப்டாப்புல இருக்க விர்ச்சுவல்பாக்ஸ எடுத்துக்கிட்டு வராத. அதுல நாட் போட்டா ஒவ்வொரு வி.எம்.மும் தனக்கு 10.0.2.15ன்னுதான் சொல்லும். தனித்தனிச் செவருக்குள்ள இருக்கதால அதுகளுக்குள்ள சண்டை கெடையாது. அத நீ பாத்துட்டு, நம்பர் மோதுதேன்னு என்னய எழுப்புவ. வி.எம். 169.254ன்னு தொடங்குத நம்பரோட வந்து நின்னா மட்டும் எழுப்பு; கூப்பாட்டுக்கு யாருமே பதில் சொல்லாம, தானா ஒரு நம்பர வச்சுக்கிட்டு உக்காந்திருக்குன்னு அர்த்தம். அப்பவும் மொதல்ல சர்வரு ஓடுதான்னு பாத்துட்டு எழுப்பு.

போ, இப்பவே பத்து குளோன் எடு. பத்தும் எந்திரிச்ச பொறவு குத்தகைப் புஸ்தகத்தத் தொற. பத்து பேருக்கும் பத்து நம்பர் இருந்தா லேப்டாப்ப மூடு. மானேஜருக்கு மட்டும் ஒரு மெசேஜ் போட்டுரு, "ராத்திரி பூரா உக்காந்து ஐபி எல்லாம் சரி பண்ணிட்டேன் சார், காலையில கொஞ்சம் லேட்டா வாரேன்"னு. பொறவு படுத்துத் தூங்கு. எப்படிச் சரி பண்ணினன்னு அவரு கேட்டா மட்டும் சொல்லு.