பெட்டி அருளிய சுருதி

வீட்டின் பின்னறையில் அமர்ந்தபடியே சங்கீதம் பதிவு செய்ய விழையும் ரசிக சிகாமணிகளுக்கு, ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டியைப் போல் ஞானமும் வைராக்கியமும் அளிக்கவல்ல குரு வேறில்லை. அதுவும் பெட்டி பழுதானதாக அமைந்துவிட்டால் பூர்வ ஜன்ம புண்ணியமே. குருகுலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் விறகு பிளந்தாலும் கிட்டாத பொறுமையை, டிரைவரை நீக்கி நீக்கி நிறுவியும், யுஎஸ்பி கேபிளைத் துளை மாற்றிச் செருகியும், ஒரே வாரத்தில் எய்தினேன். விநாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பெட்டி பதிந்ததைக் கணினி 44,100 என்றே கருதி ஒலித்தபோது, என் சாரீரம் ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் கீழிறங்கி, எந்தச் சாதகத்தாலும் வாராத கம்பீரத்தை அடைந்தது.

இவற்றினும் மேலான பிரசாதம், ஓயாது ஒலித்த அந்த ரீங்காரம். நம் மின்சாரத்தின் துடிப்பு விநாடிக்கு 50. அதன் இரட்டிப்பான 100 அதிர்வுகள் ஐந்து கட்டைக்குச் சற்றே மேலே நிற்பவை. ஆகவே தம்புரா வாங்கும் செலவும், அதை மீட்டச் சிஷ்யனைத் தேடும் சிரமமும் ஒருங்கே ஒழிந்தன.

இப்பாக்கியத்தை உணராத மருமகன், ஒரு ஞாயிறன்று வந்து, மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, “பேட்டரியிலயே ஓட்டுங்க மாமா, இரைச்சல் வராது” என்றான். நாதம் அடங்கிற்று. அந்த நிசப்தத்தில் என் பைரவி முதன்முறையாகத் தனித்து, தெளிவாக ஒலித்தது.

அடுக்களையிலிருந்து சகதர்மிணி வந்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் சார்ஜரைச் செருகிவிட்டுச் சென்றாள்.