சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள்

கேள்வி: ஒரு துரித உணவுக் கடையில் முகம் மலர்ந்து கொடுக்கிறார்கள், இன்னொன்றில் தட்டு ‘டொக்’கென்று வந்து விழுகிறது. ஏன் இப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: தட்டைப் போடுவது ஊழியரின் கை, போடவைப்பது மேலாளரின் வாய்! அமெரிக்காவின் இன்-என்-அவுட் பர்கரைப் பாருங்கள். 1948இல் கலிபோர்னியாவில் பிறந்த கடை. கிளை நடத்தும் உரிமையை வெளியாருக்கு விற்பதில்லை. போட்டிக் கடைகளைவிடச் சம்பளமும் கூடுதல். முக்கியமான விஷயம், கல்லில் பர்கர் திருப்பியவர்களும் கவுன்ட்டரில் நின்றவர்களும்தான் அங்கே மேலாளர்களாகிறார்கள். அடுப்பின் சூடு தெரிந்தவருக்கு, வரிசை நீளும்போது திட்டுவதைவிடக் கரண்டியைப் பிடிப்பது சுலபம். முதலாளிமார்களே, ‘வாடிக்கையாளரே தெய்வம்’ என்று சுவரில் எழுதுமுன், படையல் போடுகிறவர் சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள்.