கோபம் யார் மேல்?

பீடோங் வாசகி: என் மகன் கட்டுரையில் "ஐ ஆம் ஆங்ரி ஆன் ஹிம்" என்று எழுதினான். ஆசிரியர் 'ஆன்' மீது சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார். கோபம் அவன் மேல்தானே வருகிறது?

பதில்: தமிழில் மேலேதான் வருகிறது. ஆங்கிலத்தில் ஆளோடு வருகிறது: 'ஆங்ரி வித் ஹிம்'. 'அட் ஹிம்' என்றாலும் திட்ட மாட்டார்கள். ஆளை விட்டுவிட்டு நடந்த சம்பவத்தின் மீது கோபம் என்றால் 'அபவுட்'. மேசை மேல் பூனை இருந்தால் 'ஆன்' போடலாம். கோபத்தைத் தூக்கி அங்கே உட்கார வைக்க முடியாது. உங்கள் மகனைக் கண்டிக்காதீர்கள். தமிழில் ஒழுங்காக யோசிக்கிற பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும்.

சுங்கைப்பட்டாணி எஸ்.பி.எம். மாணவி: ஒரு சொல்லுக்கு 'ஆஃப்', ஒன்றுக்கு 'அட்', இன்னொன்றுக்கு 'இன்'. இதற்கு ஏதாவது காரணம் உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

பதில்: பாதிக்குக் காரணம் உண்டு, மீதிக்குப் பழக்கம்தான். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? 'கணக்கில் கெட்டி' என்கிறோம், 'கணக்குக்குக் கெட்டி' என்பதில்லை. ஏன் என்று கேட்டால் பாட்டிக்கும் தெரியாது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் 'வேற்றுமை மயங்கியல்' என்று ஓர் இயலையே ஒதுக்கி, எந்தச் சொல் எந்த உருபை ஏற்கும், எங்கே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வரலாம் என்று பேசுகிறார். அச்சச் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் பொருந்தும் என்பது அவர் கணக்கு. புலியை அஞ்சினான் எனலாம், புலியின் அஞ்சினான் எனவும் சொல்லலாம். ஆங்கிலேயர் அந்தச் சலுகையைத் தரவில்லை. 'அஃப்ரெய்ட்' என்றால் 'ஆஃப்'தான்.

சில கூட்டங்களை அடையாளம் வைத்துக்கொண்டால் சுமை குறையும். திறமையைச் சொல்லும் குட், பேட், க்ளெவர், ப்ரில்லியன்ட் எல்லாம் 'அட்' பக்கம். மனசுக்குள் கிடக்கும் அஃப்ரெய்ட், ப்ரௌட், அஷேம்ட், ஜெலஸ் எல்லாம் 'ஆஃப்' பக்கம். ஒப்பும் உறவும் சொல்லும் சிமிலர், ஈக்வல், ரிலேட்டட், மேரீட் எல்லாம் 'டு' பக்கம். இதில் அடங்காதவை நிறைய உண்டு. அவற்றைத் தனிச் சொல்லாகப் படிக்காதீர்கள். 'இன்ட்டரஸ்டட்' என்று நோட்டில் எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. 'இன்ட்டரஸ்டட் இன்' என்று எழுதுங்கள்.

இந்த முறை பலிக்குமா என்று சந்தேகமா? 2003-இல் அரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொன்னது. தமிழ்ப் பள்ளிகளுக்கும் அதுதான் உத்தரவு. 2009-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள். அது நல்லதா கெட்டதா என்ற சண்டை காப்பிக் கடையில் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த வகுப்புகளில் உட்கார்ந்த யாரையாவது பிடித்துக் கேளுங்கள்: 'ஈக்வல் டு', 'பேரலல் டு', 'டிவிசிபிள் பை' என்று தூக்கத்திலும் சரியாகச் சொல்வார்கள். யாரும் அவர்களுக்கு அங்கே இலக்கணம் நடத்தவில்லை. சொல் வந்தபோதே துணையோடு வந்தது, அவ்வளவுதான்.

கூலிம் வாசகர்: வேலை விண்ணப்பத்தில் "மேரீட் வித் டூ சில்ட்ரன்" என்று எழுதினேன். தொழிற்சாலை நண்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

பதில்: சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள்; நீங்கள் எழுதியது சரி. திருமணமானவர், இரண்டு பிள்ளைகள் உண்டு என்றுதான் அதற்குப் பொருள். 'மேரீட் வித் மை வைஃப்' என்று எழுதியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். மனைவிக்கு 'டு'.

அந்த 'வித்' மலாயிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. 'கஹ்வின் டெங்கான்', 'சாமா டெங்கான்', 'பங்கா டெங்கான்' என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே 'டெங்கான்'. அதை அப்படியே தூக்கிவந்தால் 'சேம் வித்', 'ப்ரௌட் வித்' என்று வரும். ஆங்கிலத்தில் 'சேம் அஸ்', 'ப்ரௌட் ஆஃப்'. வேடிக்கை என்னவென்றால், பீடோங் பையன் தமிழை விட்டுவிட்டு மலாயில் யோசித்திருந்தால் 'மாரா டெங்கான் டியா' வழியாக 'ஆங்ரி வித் ஹிம்' சரியாக விழுந்திருக்கும். மூன்று மொழி வீட்டில் எந்த மொழி எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது.

பாடாங் செராய், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி: பேத்தி 'டயர்ட் ஆஃப்' என்கிறாள், பேரன் 'டயர்ட் ஃப்ரம்' என்கிறான். யார் பக்கம் பேச?

பதில்: இரண்டு பேர் பக்கமும் பேசலாம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்து வந்த உடம்பின் அசதி 'ஃப்ரம்'. அதே வேலையை வருஷக்கணக்கில் செய்து மனசு வெறுத்துப் போனால் 'ஆஃப்'. துரையிடம் 'ஃப்ரம்' என்றால் ஒரு நாள் ஓய்வு கிடைத்திருக்கலாம். 'ஆஃப்' என்றால் கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்.

சுங்கைப்பட்டாணி வாசகர்: 'அஃப்ரெய்ட் ஆஃப் ஹி' என்று ஏன் சொல்லக்கூடாது? மலாயில் 'டியா' மாறாமல்தானே நிற்கிறது?

பதில்: மலாயில் நிற்கும், தமிழில் நிற்குமா? 'நானுக்குப் பசிக்கிறது' என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளையாவது சொல்லியிருக்கிறதா? 'நான்' உருபு ஏற்கும்போது 'என்' ஆகிறது: எனக்கு, என்னை. ஆங்கிலத்திலும் 'ஆஃப்', 'வித்', 'டு' வந்துவிட்டால் 'ஐ' போய் 'மீ', 'ஹி' போய் 'ஹிம்'. இந்த ஒரு பாடத்தில் நமக்குத் தாய்மொழியே ட்யூஷன். அதனால் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று கோட்டு சூட்டு போட்டவர் மேடையில் சொன்னாலும் மயங்காதீர்கள், 'மீ'தான்.

அதே வாசகர்: அப்படியானால் 'டாலர் தன் ஐ' சரியா, 'டாலர் தன் மீ' சரியா?

பதில்: பேச்சில் 'மீ'. தேர்வில் 'தன் ஐ ஆம்' என்று எழுதிவிட்டால் வம்பே இல்லை.

அலோர்ஸ்டார் வாசகி: உதவி செய்தவரிடம் "இட் இஸ் வெரி கைண்ட் ஃபார் யூ" என்றேன். முகம் ஒரு மாதிரி ஆனது.

பதில்: ஆளின் குணத்தைச் சொன்னால் 'ஆஃப்': 'கைண்ட் ஆஃப் யூ'. வேலை ஒருவருக்கு எப்படி என்று சொன்னால் 'ஃபார்': 'ஈசி ஃபார் யூ'. உதவி செய்துவிட்டுப் பாடமும் எடுக்க வேண்டாமென்று பேசாமல் போயிருக்கிறாரே, நல்ல மனிதர்.

கூலிம் மாணவன்: பெயரடை முன்னால்தான் வரும் என்றார்கள். பிறகு 'சம்திங் ஸ்பெஷல்' எப்படி?

பதில்: 'சம்திங்', 'நத்திங்', 'எனிவன்' போன்றவற்றின் முன்னால் பெயரடைக்கு இடமில்லை. பின்னால் போய் நிற்கும், 'ரூமா பெசார்' என்று மலாயில் நிற்பதுபோல. 'ஐ', 'ஹி' முன்னாலும் பெரும்பாலும் இடமில்லை. 'லக்கி யூ', 'புவர் மீ' போன்ற சில செல்லப் பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு மாணவன்: வகுப்பில் "டீச்சர், ஐ ஆம் போரிங்" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார்.

பதில்: 'போர்ட்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'போரிங்' என்றால் அறுவை நீங்கள்தான். டீச்சர் பொய் சொல்லவில்லை.

பீடோங் வாசகர்: 'சீனியர் தன் மீ' என்று சொன்னால் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்த தாத்தா கடிந்துகொள்வார். இப்போது எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள்?

பதில்: தாத்தா பக்கம்தான் நான். சீனியர், ஜூனியர், சுப்பீரியர் எல்லாம் லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். 'தன்' பிடிக்காது, 'டு'தான் வேண்டும். தாத்தா கறாராக இருந்ததற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்தது தமிழ்ப் பள்ளி. ஆங்கிலப் பள்ளிக்குப் பட்டணம் போக வேண்டும். அலோர்ஸ்டாரின் சுல்தான் அப்துல் ஹமீத் கல்லூரி 1908-இல் அரசாங்க ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கியது. துங்குவும் மகாதீரும் படித்த இடம். லயத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தூரம். அதனால்தான் தோட்ட ஆபீசில் ஆங்கிலம் படித்துவந்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் கிராணிகளாக நிறைந்திருந்தார்கள். துரையோடு தினமும் பேசியவருக்கு உருபு பிசகினால் வேலைக்கே ஆபத்து. உங்கள் தாத்தா கடிந்துகொண்டதை எழுதி வையுங்கள். இந்தப் பகுதிக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.

கேள்வி அனுப்புவோர் கவனிக்க: 'குட்' என்ற சொல்லுக்கு எது சரி என்று மட்டும் கேட்டால் பதில் வராது. 'குட் அட்', 'குட் ஃபார்', 'குட் டு', 'குட் வித்' நான்கும் சரி, நான்கும் வேறு. வாக்கியத்தை முழுதாக எழுதி அனுப்புங்கள்.