ஐஸுக்குப் போர்வை போத்துற ஊருக்குப் போற மருமோனுக்கு

ஜூலை லீவுக்குக் குடும்பத்தோட சுவிஸில செர்மாட்டுக்குப் பனியில சறுக்கப் போறியள் எண்டு அக்கா சொன்னா மருமோன். நல்ல விசயம். தம்பலகாமத்தில கச்சான் காத்து அனலாய் அடிச்சு, எருமையள் கழுத்து மட்டும் சேத்துக்குள்ள படுத்துக் கிடக்கிற நேரத்தில, எங்கட குடும்பத்தில ஒருத்தன் கம்பளிக் கையுறை தேடி அலையுறான் எண்டா எனக்குப் பெருமைதானே. சந்தித் தேத்தண்ணிக் கடையில சொன்னன். ஒருத்தரும் நம்பேல்ல. வெயில் பெரியவற்ற தலையில ஏறிட்டுது எண்டு ஆளுக்காள் பாத்துக்கொண்டு, எனக்கு ஒரு பிளேன்ரீயும் வாங்கித் தந்தவை. உன்னாலதான் அது கிடைச்சது, நன்றி.

நீ என்னட்டப் புத்தி கேட்கேல்ல. கேளாதவனுக்குச் சொல்லுறதுதான் எனக்கு வழக்கம். கேட்டு வாறவன் சொன்னதைச் செய்து போடுவான், பிறகு பழி எனக்கு.

இஞ்ச நிலாவெளியில, உப்புவெளியில இப்பதான் சீசன். தெற்கில காலிப் பக்கம் கடல் குமுறுற மாசங்களில எங்கட கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வெள்ளைக்காரர் வந்து துவாயை விரிச்சு, முதுகு சிவக்கச் சிவக்கப் படுத்திருப்பினம். புறாமலைக்கு வள்ளத்தில போய் முருகைக் கல்லுக்குள்ள மீன் பாப்பினம். அதுக்குள்ள சுவிஸ்காரரும் இருப்பினம். பேர்ண் நகரத்து வெள்ளைக்காரன் இஞ்ச வெயிலுக்கு வந்து இறங்க, தம்பலகாமத்துத் தமிழன் அங்க குளிருக்கு ரயில் ஏறுறான். ஆளாள் ஊரை மாத்திக்கொண்டியள். வாடகை மட்டும் ரெண்டு பேரும் குடுக்கிறியள்.

ஆனா மலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போறது இந்தத் துறைமுகத்துக்குப் புதிசில்லை. வெள்ளைக்காரன்ர கடற்படை திருகோணமலையில இருந்த காலத்தில, வெக்கையில வாடின மாலுமியளை ஓய்வுக்குத் தியத்தலாவை மலைக்கு அனுப்பினவன். அவனுக்கும் முன்னம் இராவணன். கோணேசர் மலையை வெட்டினவன், கன்னியாவில தாய்க்குக் கடன் செய்ய ஏழு வெந்நீர்க் கிணறு எடுத்தவன் எண்டு எங்கட ஊர்க் கதை முழுக்க அவன்தான். அப்பிடிப்பட்டவன் சீதையம்மாவைக் கொண்டு போய் வைச்சது எங்க? நுவரெலியாப் பக்கம், சீதா எலியவில. வானத்தால கூட்டிக்கொண்டு போனான், குளிர்ந்த இடமாய்ச் சோலை பாத்து இருத்தினான், செலவெல்லாம் தன்ர பாடு. முடிவு உனக்குத் தெரியும். மலைக்கு வர விருப்பமோ எண்டு அந்த மனுசியை அவன் ஒரு சொல்லுக் கேட்கேல்ல.

நீ மருமகளைக் கேட்டனியோ? வருசத்தில பாதி நாள் அந்தப் பிள்ளை பேர்ணில விறைச்சுக்கொண்டு வேலைக்குப் போகுது. வெயில் வாற ரெண்டு மாசத்திலயும் ஐஸைத் தேடிக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு நிக்கிறாய். உனக்குப் பத்துத் தலை இல்லை மருமோன், இருக்கிற ஒண்டைக் கவனமாய் வைச்சுக்கொள்.

எங்கட காலத்துச் சுவிஸ் நுவரெலியாதான். சித்திரைச் சீசனுக்கு வான் பிடிச்சு, சோத்துப் பார்சல் கட்டி, றம்பொடை வளைவுகளில பிள்ளையள் சத்தியெடுக்க எடுக்கப் போய், எல்லாரும் குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு கிறகறி வாவியில குதிரையில ஒரு சுத்துச் சுத்தினா உல்லாசப் பயணம் முடிஞ்சுது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். உன்ர செர்மாட் ஊரோ 1620க்குள்ளதான். எங்கட நுவரெலியாவை விடப் பள்ளத்திலதான் போய் நிக்கப் போறாய் எண்டதை அங்க ஆருக்கும் சொல்லிப் போடாதே, றூம் வாடகையைக் குறைக்க வேண்டி வரும்.

சரி, அதுக்கு மேல கேபிள் கார் இருக்கெண்டு சொல்லுவாய். தெரியும். 3883 மீற்றருக்குக் கொண்டு போய் விடுவாங்கள். எங்கட பீதுருதாலகாலை 2524தான், தோல்வியை ஒத்துக்கொள்ளுறன். அங்க நிண்டு மூச்சு இழுத்தா, திருக்கடலூர்க் கரையில கிடைக்கிற காத்தில மூண்டில ரெண்டு பங்குகூடத் தேறாது. அதால முதல் நாள் பிள்ளையளை ஊருக்குள்ளயே நடக்க விடு, தண்ணியை அடிக்கடி குடிக்கக் குடு, தலையிடி எண்டு ஒரு பிள்ளை சொன்னா நடிப்பெண்டு நினையாமல் கீழ இறக்கிக்கொண்டு வா. கறுப்புக் கண்ணாடி எல்லாருக்கும் வேணும். பனி வெயிலை அப்பிடியே திருப்பி முகத்தில அடிக்கும், கண்ணை விட்டுட்டுப் போனா ராத்திரி முழுக்க எரிஞ்சு நித்திரை வராது. எங்கட தோல் வெயிலுக்குப் பழகின தோல், களிம்பு எதுக்கெண்டும் நினையாதே. அந்தத் தோல் பழகினது நிலாவெளி வெயிலுக்கு.

சறுக்கிறது தியோடுல் எண்ட பனியாத்தில. கோடையில அப்பிடிச் சறுக்க ஐரோப்பாவில மிஞ்சியிருக்கிற இடங்களை விரல் விட்டு எண்ணலாம். செர்மாட், பக்கத்தில சாஸ்-பே, ஆஸ்திரியாவில ஹின்டர்டக்ஸ், அப்பிடிக் கொஞ்சம். வேலை எல்லாம் காலமை வேலைதான், எங்கட கமக்காரன்ர நேரம். விடிய வெள்ளன ஏறினாப் பனி இறுகி நல்லாய் ஓடும். வெயில் ஏற இளகத் தொடங்கி, மத்தியானத்தில உழுது தண்ணி கட்டின வயலுக்குள்ள இறங்கின மாதிரித்தான், காலை இழுக்க இழுக்கப் புதையும். லீவெண்டு ஒன்பது மணி மட்டும் குறட்டை விட்டிட்டுப் போவியெண்டா, உனக்குச் சேறுதான் மிச்சம். அதுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, என்ர வயல் இஞ்ச இருக்கு. இன்னொண்டு, பல நாட்டுத் தேசிய அணிப் பெடியளும் பெட்டையளும் கோடையில அங்கதான் பயிற்சிக்கு வாறவை. கம்பத்துக்குக் கம்பம் வெட்டி வெட்டிப் பாய்ஞ்சு வருவினம். நடுவில நிண்டு வண்டியை உள்ள இழுத்துப் பிடிச்சுச் செல்பி எடுக்காதே.

போன மாரியில பேத்தி பழகின வீடியோ அனுப்பினாய். நான் சறுக்கலைப் பாக்கேல்ல, சப்பாத்தைப் பாத்தன். முழுக்கப் பிளாஸ்டிக்கு, பாதிக் கெண்டைக்கால் மட்டும் வருது, முன்னுக்கு வரிசையாய்க் கொளுக்கி. கணுக்கால் மடங்க வழியில்லை. பிள்ளை குதியை ஊண்டி, பிறகு விரலை ஊண்டி, ரெண்டு கையையும் அகட்டிக்கொண்டு ரெண்டு பாகம் நடக்க ஒரு நாள் பிடிக்குது. பலகையை மாட்டினவுடன அதே பிள்ளை சர்ரெண்டு போகுது. பின்னால ரீச்சரம்மா "பீட்சா! பீட்சா!" எண்டு கத்துறா. பாவம், சாப்பிடாமல் வந்திட்டா ஆக்கும் எண்டு நினைச்சன். பிறகுதான் நீ சொன்னாய். பலகை ரெண்டின்ர முன் நுனியையும் கிட்டக் கொண்டு வந்து பின்பக்கத்தை அகட்டினா வேகம் குறையுமாம், அதுக்குப் பீட்சாத் துண்டெண்டு பேராம். ரெண்டையும் நேராய் வைச்சா வேகம் பிடிக்குமாம், அது பொம்மஸ், உருளைக்கிழங்குப் பொரியல். வீட்டில பிட்டையும் இடியப்பத்தையும் சாப்பிடுற பிள்ளைக்கு அதைச் சொல்லிப் பழக்கியிருந்தா இன்னும் கெதியாய்ப் பிடிச்சிருக்கும்.

உனக்கு ஒருத்தரும் பின்னால நிண்டு பீட்சா எண்டு கத்தமாட்டினம். அதால உனக்கும் ஒரு வாத்தியாரைப் பிடி. யூடியூப்பில பாத்தன், காணும் எண்டு இறங்காதே. பிள்ளையளுக்கு முன்னால விழுறதில வெட்கமில்லை. அவையள் அதைப் பிடிச்சு இஞ்ச எனக்கு அனுப்புவினம், நான் சந்தியில காட்டுவன், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு என்ன செய்யப் போறியள் எண்டும் விசாரிச்சன். கோர்னர்கிராட் மலைக்கு ஒரு பல்லுச் சக்கர ரயில் ஓடுதாம். 1898இல போட்டது, 3089 மீற்றர் மட்டும் ஏறும். அதில கட்டாயம் கூட்டிக்கொண்டு போ, விழுற வேலை இல்லை. பிறகு மூஞ்சை கறுத்த செம்மறி ஆடு இருக்காம், வலே மாநிலத்துச் சாதி. அதைப் பாக்க ஆக்கள் வழி கேட்டு நடந்து போயினம். தம்பலகாமத்தில ஆடு மாடு றோட்டில படுத்திருந்து பஸ்ஸை மறிக்குது, ஒருத்தன் இறங்கி ஒரு படம் எடுக்கிறானில்லை.

மற்றர்ஹோர்ண் மலையை நீ ஏறப் போறதில்லை எண்டு நம்புறன். எண்டாலும் அந்த ஊர் மியூசியத்துக்குப் போய் ஒரு கயித்தைப் பார். 1865 ஜூலை 14இல எட்வேர்ட் விம்பர் எண்ட இங்கிலீசுக்காரனோட ஏழு பேர் முதல் முதல் அந்த மலையில ஏறினவை. ஏழு பேரும் உச்சியைத் தொட்டவை. இறங்கேக்க ஒருத்தன்ர கால் வழுக்கி, கயிறு அறுந்து, நாலு பேர் போயிட்டினம். அறுந்த துண்டு அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு. நீ காசு குடுத்துச் செய்யப் போறது முழுக்க இறங்கிற வேலை எண்டதை அதுக்கு முன்னால நிண்டு ஒருக்கா யோசி.

சாப்பாட்டுக்கு வருவம். எங்கட சனம் சந்திரனுக்குப் போனாலும் குக்கரோட தான் போகும். செர்மாட்டுக்குள்ள எண்ணெய்க் கார் விடமாட்டாங்கள். டேஷ் எண்ட ஊரில காரை விட்டிட்டு ரயில் ஏற வேணும். அரிசி, குக்கர், மிளகாய்த்தூள், அக்கா கட்டித் தந்த ஊறுகாய், ரெண்டு பிள்ளை, நாலு பெட்டி, எல்லாத்தையும் காவிக்கொண்டு ஏறிப் பார், சறுக்கிறது லேசெண்டு தெரியும். கருவாடு மட்டும் வேண்டாம். வாடகை வீட்டில புகை மணி அடிச்சா முழுக் கட்டடமும் போர்வையோட றோட்டுக்கு வந்து நிக்கும்.

ஒரு நேரமாவது ஹோட்டலில இருந்து சாப்பிடு. எண்பதுகளில அங்க போன எங்கட பெடியள் கனபேர் ஹோட்டல் குசினியளுக்குள்ளதான் தொடங்கினவை. உன்ர தேப்பனும் ஒரு மலை ஹோட்டலில கோப்பை கழுவினவர்தான். அத்தானுக்குப் பனி எண்டா விடிய எழும்பி வாசலில இருந்து வழிச்சு எறியிற சாமான். அவற்ற மகன் அப்பிடி ஒரு ஹோட்டல் மேசையில இருந்து ரொஸ்டிக்கு ஓடர் குடுக்கிறான் எண்டா, அதில நான் பகிடி பண்ண ஒண்டும் இல்லை. சாப்பிட்டு எழும்பேக்க குசினிப் பக்கம் ஒருக்கா எட்டிப் பார். இப்ப வேற நாட்டுப் பிள்ளை ஒண்டு கழுவிக்கொண்டு நிக்கும். அதின்ர கையில ஏதும் வை.

இவ்வளவும் சொன்ன பிறகு போகாதே எண்டு முடிக்கத்தான் நினைச்சிருந்தன். ஆனா கணக்குப் பாக்க வேற மாதிரி வருது. 2022 ஜூலை 25இல சுவிஸ் வானத்தில தண்ணி உறையிற மட்டம் 5184 மீற்றருக்கு ஏறிட்டுது. அந்த நாட்டில அவ்வளவு உயரமான மலையே இல்லை, உயர்ந்தது 4634தான். அந்த மாசக் கடைசியில செர்மாட்டிலயே கோடைச் சறுக்கலை நிப்பாட்டிப் போட்டாங்கள். அடுத்த வருசம் ஓகஸ்டில மட்டம் 5298க்குப் போச்சு. அந்த ரெண்டு வருசத்தில மட்டும் சுவிஸ் பனியாறுகளில பத்தில ஒரு பங்கு கரைஞ்சு போட்டுது. ரோன் பனியாத்தில ஐஸைக் குடைஞ்சு குகை வெட்டி ஆக்களுக்குக் காட்டுறவை. இப்ப அது உருகாமல் இருக்க மேல வெள்ளைத் துணியாய் இழுத்துப் போத்தி வைச்சிருக்கினம். ஐஸுக்குப் போர்வை! படத்தைச் சந்தியில காட்டினன். அதுக்குக் காய்ச்சலோ எண்டு ஒருத்தன் கேட்டான். ஓம் எண்டு சொன்னன், பொய்யில்லையே.

அதால கெதியாய்ப் போ. கோணேசர் மலையை உன்ர பேரனும் வந்து பாக்கலாம், அது அங்கயே நிக்கும். அந்தப் பனி நிக்குமோ எண்டு சொல்லேலாது.

இனி என்ர விசயம். "மாமா, நீங்களும் வாங்கோ" எண்டு போனில ஒரு சொல்லுச் சொன்னாய். மரியாதைக்குச் சொன்னதெண்டு தெரியும், நானும் மரியாதைக்குப் பேசாமல் இருந்தன். பிறகு சும்மா விசாரிச்சுப் பாத்தன். கூப்பிடுற ஆள் முப்பதாயிரம் பிராங் மட்டும் பொறுப்பெண்டு கையெழுத்து வைச்சுக் குடுக்க வேண்டி வருமாம். என்ர விலை அவ்வளவுக்கு ஏறியிருக்கெண்டு அக்காவுக்குச் சொல்லு. கொழும்பில விசாக்காரர் நான் திரும்பி வருவனோ எண்டு கேப்பினம். வருவன், எருமை நிக்குது, ஆவணியில சிறுபோக வெட்டும் இருக்கு. ஆனபடியால் அதுக்கு முந்தின கிழமையளாய்ப் பார். கடிதத்தில பனிச்சறுக்கு எண்டு மட்டும் எழுதிப் போடாதே, எழுபத்தஞ்சு வயசில உவருக்கென்ன விசரோ எண்டு கேப்பாங்கள். பேரப்பிள்ளையளைப் பாக்க எண்டு எழுது. சப்பாத்து அங்க வாடகைக்குக் கிடைக்கும்தானே?